சூழ்ச்சி செய்யும் டிராகன்: ஆட்டம் நடத்துவோர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ரங்கூனிலும் வெளியூர்களிலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டும் விளையாட்டை ஆடும் நம் தமிழ் இளைஞர்கள், டிராகனைச் சூழ்ச்சிக்கார வில்லனாக நடத்துவது எப்படி என்று கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விதிகளைக் குறிப்பிடும் இடங்களில் 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மோல்மேனிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, நான் கொண்டுவரும் டிராகன் எப்போதும் பறந்து வந்து நெருப்பைக் கக்கிவிட்டு மூன்று சுற்றுகளில் செத்துப்போகிறது. அதைத் தந்திரசாலியாக மாற்ற எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தம்பி, அந்த டிராகனுக்கு வேண்டியவற்றில் நகத்தாலும் மூச்சாலும் பறிக்க முடியாதது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஊரைக் கொளுத்திப் பொன்னை அள்ளிக்கொள்ள முடிந்தால் அது யாரிடமும் நயமாகப் பேசப்போவதில்லை. ஆனால் ஒரு பழங்கோட்டையின் கதவு அரச குலத்தவர் மனமுவந்து அழைத்தால்தான் திறக்கும் என்றாலோ, தன் முட்டைகள் இருக்கும் காட்டை நூறாண்டுக்கு எவரும் வெட்டக்கூடாது என்றாலோ, அதன் வலிமையால் ஒரு பயனும் இல்லை. மனிதரின் சம்மதம் தேவைப்படும் அந்த இடத்தில்தான் சூழ்ச்சி பிறக்கிறது.

இதற்கு நான் பச்சை டிராகனையே தேர்ந்தெடுப்பேன். 800 ஆண்டுகளைக் கடந்த, அதாவது பழம்பெரும் பச்சை டிராகனுக்கு விதிநூல் தரும் அறிவு 20, வசீகரம் 19. சாதாரண மனிதருக்கு இவை 10 அளவில்தான் இருக்கும். அறிவைவிடவும் பெரிய ஆயுதம் அதன் ஆயுள். இன்றைய ஊர்த்தலைவரின் பூட்டனோடு அது ஓர் ஏற்பாடு செய்திருக்கலாம்; அந்த ஏற்பாடு இப்போது ஊர் வழக்கமாகவும் திருவிழாவாகவும் மாறி, யார் தொடங்கியது என்பதே எவருக்கும் நினைவில்லாமல் போயிருக்கலாம். நான்கு தலைமுறை காத்திருப்பது அதற்குச் சிரமமே இல்லை என்பதை ஆட்டக்காரர்கள் உணரும் நேரத்தில் அவர்களுக்கு வரும் அச்சத்தை எந்த நெருப்பு மூச்சும் தராது.

ரங்கூனிலிருந்து ஒரு வாசகி: பச்சை டிராகனால் மனித உருவம் எடுக்க முடியாதே, அப்படியிருக்க அது ஊருக்குள் எப்படி வேலை செய்யும்?

உண்மைதான். இந்தப் பதிப்பில் வயதுவந்த பொன், வெள்ளி, வெண்கல டிராகன்களுக்கு உருமாறும் ஆற்றல் உண்டு, பச்சைக்கு இல்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை, ஏனெனில் தானே வர முடியாத ஒன்று ஆட்களை வைத்துத்தான் வேலை வாங்க வேண்டும். உண்மை அறிந்தவர் ஒருவர் போதும். அவருக்குக் கீழே, ஏதோ பெரிய இடத்துக்காக உழைக்கிறோம் என்று மட்டும் அறிந்த சிலர் இருக்கட்டும். அவர்களுக்கும் கீழே, தாங்கள் நல்லதே செய்கிறோம் என்று மனதார நம்பும் பலர் இருக்கட்டும். வேவு பார்ப்பதற்கு விதிநூலே வழி சொல்கிறது: பழம்பெரும் பச்சை டிராகனின் குகையைச் சுற்றி ஒரு மைல் தொலைவுக்குள் உள்ள எலிகளும் பறவைகளும் அதன் கண்ணும் காதும் ஆகின்றன.

பெகுவிலிருந்து: எங்கள் குழுவில் பர்மிய நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாகக் கதைகள் நன்றாகத் தெரியும். அவற்றைப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாந்தலேக்கு வடக்கே ஐராவதிக் கரையிலுள்ள தகாவுங்கின் கதை இந்தத் தலைப்புக்கே அமைந்தது போலிருக்கிறது. அங்கே அரசியின் காதலனாக ஒரு நாகம் இருந்தது. அவளை மணந்து அரியணை ஏறும் ஒவ்வொருவனும் இரவில் நாகத்தால் மாண்டான். பௌக் ச்சைங் என்ற இளைஞன் படுக்கையில் தனக்குப் பதிலாக வாழைத்தண்டைப் போர்த்தி வைத்தான். நாகம் தீண்டியதும் பற்கள் தண்டில் சிக்கிக்கொள்ள, அவன் அதை வெட்டிக் கொன்றான்.

பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதன் பிற்பகுதிதான் முக்கியம். நாகம் செத்தபின் அரசி அதன் எலும்பில் கொண்டை ஊசி செய்து, அதை வைத்தே ஒரு விடுகதை அமைத்து, விடை சொல்லாவிட்டால் உயிரைத் தர வேண்டும் என்று புதிய அரசனுக்கு நிபந்தனை விதிக்கிறாள். மகனைப் பார்க்க வரும் பெற்றோர் வழியில் மரத்தடியில் தங்கியபோது காகங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதால்தான் அவன் பிழைக்கிறான். நாகம் போன பிறகும் அதை நேசித்த ஒருத்தி அதன் பகையைத் தொடர்கிறாள். உங்கள் டிராகனுக்கும் அப்படி ஒருவரைப் படையுங்கள், அவருடைய அன்பைப் பொய்யாக்கிவிடாதீர்கள். மந்திரத்தில் கட்டுண்ட அடிமையைவிட, தெரிந்தே டிராகனின் பக்கம் நிற்கும் மனிதரிடம் ஆட்டக்காரர்கள் பேச வேண்டியது அதிகம்.

டெல்டாப் பகுதியிலிருந்து ஒரு நண்பர்: டிராகன் தன் பொற்குவியலின் மேல் வெறுமனே படுத்துக்கிடப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அந்தப் பொன்னை அது என்னதான் செய்யும்?

கடன் கொடுக்கும். இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் குறைவு. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்ததால் கடன்கள் திரும்பாமல் போக, 1938க்குள் அது ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது வட்டியும் முதலும்தான். விற்க முடியாத வயல்கள் அவர்களுக்கும் சுமையாகவே வந்து சேர்ந்தன. ஆகவே நம் முன்னோரை டிராகனாக வரைய வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பது இரு தரப்பு வீடுகளிலும் இன்னும் பேசப்படுகிறது.

ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் இயக்கத்தை மட்டுமே. விலை ஏறும்போது எல்லோரும் விரும்பிக் கடன் வாங்குகிறார்கள். விலை விழும்போது எவரும் வாளை உருவாமலேயே நிலம் கைமாறிவிடுகிறது. இனி, தொடக்கத்திலிருந்தே நிலத்தின்மேல் கண் வைத்து, விலையை வீழ்த்தவும் வல்ல ஒரு டிராகனை நினைத்துப் பாருங்கள். குறைந்த வட்டிக்கு, கனிவான முகவர்கள் வழியாக, முப்பது ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஓர் அறுவடைக் காலத்தில் ஆற்றுவழியை அடைத்து நெல் வெளியே போகாமல் செய்துவிடும். ஆட்டக்காரர்கள் ஊருக்கு வரும்போது எல்லாப் பத்திரங்களும் சட்டப்படி செல்லும்; டிராகன் ஒரு வாக்கைக்கூட மீறியிருக்காது. நான் விரும்பும் வில்லன் இதுதான்: சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாலேயே ஆபத்தானது.

தட்டோனிலிருந்து: அன்பாக உதவிய கிழவர் டிராகனின் ஆள் என்று வெளிப்பட்டபோது என் ஆட்டக்காரர்கள் என்மேல் கோபப்பட்டார்கள். ஏமாற்றப்பட்டதாகச் சொன்னார்கள். இதை எப்படித் தவிர்ப்பது?

அவர்களை ஏமாற்றியது டிராகன் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும், ஆட்டம் நடத்தும் டி.எம். ஏமாற்றினார் என்று தோன்றினால் அவர்களின் கோபம் நியாயமானது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய தடயங்கள் இருந்தனவா என்பதே. ஒரே உண்மைக்கு மூன்று தடயங்களாவது வையுங்கள், ஏனெனில் ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், மற்றொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். கிழவரின் கூரையில் எப்போதும் பறவைகள் உட்கார்ந்திருக்கலாம்; கடந்த பஞ்சத்தில் அவர் வயல் மட்டும் தப்பியிருக்கலாம்; வேட்டைக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்துக் காட்டில் மான்களே இல்லை என்று சொல்லலாம்.

எதிரிலிருப்பவரின் மனதை அறிய உருட்டும் இன்சைட் பகடையில் மிக உயர்ந்த எண் விழுந்த பின்னும் "அவர் நேர்மையாகத்தான் தெரிகிறார்" என்று பொய் சொல்லாதீர்கள். அவருடைய கருணை உண்மையானது என்றும், எதையோ எண்ணி அஞ்சுகிறார் என்றும் சொல்லுங்கள், இரண்டும் உண்மை. டிராகன் பேசும்போதும் இதையே பின்பற்றலாம்: ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாக இருக்கட்டும், சொல்லாமல் விட்டதில் சூழ்ச்சி இருக்கட்டும். மேலும், ஆட்டக்காரரின் பாத்திரத்தை மந்திரத்தால் மயக்கி நடத்துவதைச் சண்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாங்களே எண்ணிப் பார்த்து "சரி" என்று சொன்ன ஓர் ஒப்பந்தம்தான் பின்னால் அவர்களை உறுத்தும்.

ரங்கூனிலிருந்து மற்றொருவர்: அவர்கள் டிராகனோடு சேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

சேரட்டும். முதல் ஆறு மாதங்களுக்கு அது மிக நல்ல எசமானாக இருக்கட்டும். பிறகு, அவர்கள் முன்பு காப்பாற்றிய ஊரிலிருந்து கடனை வசூலித்துவரும்படி பணிவோடு கேட்கட்டும்.

மோல்மேனிலிருந்து ஒரு தங்கை: கடைசியில் சண்டை வந்துதானே ஆக வேண்டும் அண்ணா? அப்போது இந்தத் தந்திரசாலி எப்படி நடந்துகொள்ளும்?

வரலாம், ஆனால் சாகும்வரை நின்று போரிட அதற்கு ஒரு காரணமும் இல்லை. பழம்பெரும் பச்சை டிராகனுக்கு 385 உயிர்ப்புள்ளிகளும், நாளுக்கு மூன்று முறை, மந்திரத்தையோ வேறு தாக்கத்தையோ தடுக்க உருட்டும் பகடை வீச்சில் தோற்றாலும் வென்றதாக மாற்றிக்கொள்ளும் உரிமையும் உண்டு. அந்த மூன்றும் தீர்ந்தாலோ உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே இறங்கினாலோ அது பறந்து போய்விட வேண்டும். அடுத்த சந்திப்புக்குத் தூது அனுப்ப வேண்டும். சண்டைக்கு நடுவிலும் பேசிக்கொண்டே இருக்கட்டும், அதுவும் பொதுவாக அல்ல, ஒருவரை மட்டும் பெயர் சொல்லி அழைத்து, அவருக்கு மட்டும் வேண்டிய ஒன்றைத் தருவதாகச் சொல்லட்டும்.

அப்படியும் அவர்கள் அதைக் கொன்றுவிட்டால் அந்த வெற்றியைக் குறைக்காதீர்கள். முழு மனத்தோடு கொண்டாட விடுங்கள். அடுத்த வார ஆட்டத்தில் பத்திரங்கள் யாரிடம் போயின, முகவர்களுக்கு இனி யார் கூலி தருவார்கள், ஊரார் யாரைக் குறை சொல்கிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.