எண்சாண் உடம்பும் ஒரு சாண் இடுக்கும்

சென்ற மாதம் கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலையில் அழிந்துபோன மனித இனங்களைப் பற்றிக் கதைத்தேன். நான் கதைத்தது முக்கால் மணித்தியாலம். கேள்விகள் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போய்விட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது. துண்டுகளில் எழுதித் தந்த கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றுக்கான பதில்கள்தான் இவை. நான் அகழ்வாய்வாளன் அல்ல. முப்பது வருடம் உயிரியல் படிப்பித்துவிட்டு, ஓய்வில் இதையே வாசித்துக்கொண்டிருப்பவன்.

சேர், ஆதிமனிதர் எல்லாரும் குகையிலா இருந்தவர்கள்? எந்தச் செய்தியைப் பார்த்தாலும் குகையில்தான் எலும்பு எடுக்கிறார்கள். (உயர்தர மாணவர், மல்லாவி)

இல்லைத் தம்பி. வெளியில்தான் கூடுதலாகத் திரிந்தார்கள். வெளியில் செத்தவர்களின் எலும்பு மிஞ்சவில்லை, அவ்வளவுதான். வயலில் செத்துக் கிடக்கும் மாட்டை யோசித்துப் பாருங்கள். நரியும் நாயும் இழுத்தது போக, மிச்சத்தை வெயில் வெடிக்க வைக்கும். நாலைந்து மாரி போனால் தேடினாலும் கிடையாது. குகைக்குள் வெயிலும் இல்லை, அடைமழையும் இல்லை. அதிலும் சுண்ணாம்புக்கல் குகை என்றால், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு எலும்பின் மேல் படிந்து மூடிவிடும்.

இத்தாலியில் அல்தமூரா ஊருக்குப் பக்கத்தில், லமலுங்கா என்ற குகையில், 1993இல் நியண்டர்தால் என்ற அழிந்துபோன இனத்து மனிதன் ஒருவனைக் கண்டார்கள். குழிக்குள் விழுந்து ஏற முடியாமல் செத்தவன் என்று நினைக்கிறார்கள். ஆனையிறவு உப்பளத்துத் தண்ணீரில் கிடக்கும் தடியில் உப்புப் பூத்திருக்குமே, அந்த மாதிரி அவன் மண்டையோட்டில் சுண்ணாம்பு மொட்டு மொட்டாகப் பூத்திருக்கிறது. வயது 1,30,000 வருடத்துக்கு மேல். உடைக்காமல் எடுக்க வழியில்லாததால் அவன் அங்கேயே கிடக்கிறான்.

ஆறு பெண்கள் குகைக்குள் இறங்கிய கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். மிச்சம் என்ன? (இரண்டு பிள்ளைகளின் தாய், புதுக்குடியிருப்பு)

எனக்கும் அதைப் பாதியில் விட்டது பெரிய கவலை, தங்கச்சி.

2013 செப்டெம்பரில் தென்னாபிரிக்காவில் ரைசிங் ஸ்டார் என்ற குகைக்குள் ஸ்டீவன் டக்கர், ரிக் ஹன்டர் என்று இரண்டு பேர் போனார்கள். இருவரும் விஞ்ஞானிகள் அல்ல, குகைக்குள் நுழைந்து பார்ப்பதில் பைத்தியம் பிடித்தவர்கள். வழியில் ஓரிடத்தில் ஒரு கையை முன்னால் நீட்டி, மற்றக் கையை உடம்போடு ஒட்டி, வயிற்றால் ஊர்ந்துதான் போகலாம். பிறகு ஒரு பாறை முகட்டில் ஏறி, அங்கிருந்து 12 மீற்றர் செங்குத்தாகக் கீழே போகும் வெடிப்புக்குள் இறங்க வேண்டும். அதில் மிக ஒடுக்கமான இடம் 18 சென்ரிமீற்றர்தான். உங்கள் சாணை விரித்து வைத்துப் பாருங்கள், அதைவிடக் குறைவு. எண்சாண் உடம்பை அதற்குள்ளால் இறக்க வேண்டும். அடியில் ஒரு சிறிய அறை, நிலம் முழுக்க எலும்பு.

ஆய்வுக்குத் தலைமை தாங்கிய லீ பெர்கர் பருத்த ஆள். அவரால் அந்த நேரம் இறங்க முடியவில்லை. பேஸ்புக்கில் விளம்பரம் போட்டார்: எலும்பு அகழத் தெரிந்திருக்க வேண்டும், உடம்பு மெலிந்திருக்க வேண்டும், ஒடுக்கத்துக்குப் பயப்படக் கூடாது. தெரிவான ஆறு பேரும் பெண்கள். அவர்கள் கீழே குந்தியிருந்து தூரிகையால் மண்ணைத் தட்டியதை மேலே கூடாரத்திலிருந்து கமெராவில் பார்த்துக்கொண்டிருந்தார் பெர்கர். ஏறத்தாழ 1,550 துண்டுகள், குறைந்தது 15 பேருடையவை. 2015இல் ஹோமோ நலேடி என்று பெயர் வைத்தார்கள். நலேடி என்றால் சோதோ மொழியில் நட்சத்திரம்.

மூளை பெரிய தோடம்பழம் அளவுதான். அப்படியென்றால் இருபது லட்சம் வருடமாவது பழையதாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2017இல் வயது வந்தது: 2,36,000க்கும் 3,35,000க்கும் இடையில். எங்கள் இனம் ஆபிரிக்காவில் தலையெடுத்துக்கொண்டிருந்த அதே காலம். சின்ன மூளையிலிருந்து பெரிய மூளைக்குப் படிப்படியாக ஏறினார்கள் என்று நான் அதுவரை வகுப்பில் கரும்பலகையில் கீறிய ஏணிப்படம் அன்றோடு சரி.

நலேடி மனிதர்கள் பிணத்தைப் புதைத்தார்களாமே, உண்மையா? (மாங்குளம்)

2023இல் பெர்கர் குழு அப்படிச் சொன்னது. அதைப் பரிசீலித்த நிபுணர்கள் பலர் ஆதாரம் போதாது என்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஒருதரம் வெட்டி மூடிய மண் பழையபடி ஆகாது. நிறம் கலங்கும், இறுக்கம் மாறும், வெட்டின விளிம்பு தெரியும். மயானத்தில் குழி வெட்டுகிறவரைக் கேட்டால் மண்வெட்டி படும்போதே சொல்லிவிடுவார். அந்த விளிம்பைத் தெளிவாகக் காட்டட்டும், ஏற்றுக்கொள்வேன்.

மன்னார்ப் புதைகுழி எலும்புகளுக்குச் செய்த காபன் சோதனையைத்தான் இவற்றுக்கும் செய்கிறார்களா? (வவுனியா)

இல்லை. செத்த உடம்பிலுள்ள காபன் 14 என்ற கதிரியக்கக் காபன் ஏறக்குறைய 5,730 வருடத்தில் பாதியாகும். 50,000 வருடம் தாண்டினால் அளக்கிற அளவுக்கு மிஞ்சாது. நலேடிக்கு, எலும்பின் மேல் படிந்த சுண்ணாம்பிலுள்ள யுரேனியத்தை அளந்தார்கள். பல்லில் சேர்ந்த கதிர்வீச்சுப் பாதிப்பையும் பார்த்தார்கள்.

மன்னார் எலும்புகள் சில நூற்றாண்டு பழையவை என்று அமெரிக்க ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்ததும், அதைக் காணாமற்போனோரின் உறவினர்கள் ஏற்காததும் உங்களுக்குத் தெரியும். நான் ஒன்று மட்டும் சொல்வேன். ஆய்வுகூடம் வயது சொல்வது அதன் கையில் கொடுத்த துண்டுக்கு. குழி முழுக்க ஒரே காலமா என்பதை, எது எதற்கு மேல் எப்படிக் கிடந்தது என்ற குறிப்பைக் கொண்டுதான் தீர்க்கலாம்.

அனுமார் படை இந்த இனங்களில் ஒன்றா? (பெயர் எழுதவில்லை)

இல்லை. அனுமாரை அவர் இடத்திலேயே விடுவோம்.

எங்கள் வன்னியில் இப்படி ஏதும் கிடைக்குமா? (ஒட்டுசுட்டான்)

எலும்பு கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது பழைய கரும்பாறை. சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணப் பக்கமும் வடமேற்குக் கரையோரமும்தான். எங்கள் செம்மண்ணில் மாரித் தண்ணீர் வருடா வருடம் இறங்கி எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஆனால் கல் கரையாது. செம்மண்ணும் அதற்கடியில் கிறவலுமாக உள்ள படிவுக்குப் புவியியலாளர் வைத்த பெயரே இரணைமடுப் படிவு. எங்கள் குளத்தின் பெயர்தான். அதில் கல்லாயுதங்கள் இருக்கின்றன. இதே படிவு தெற்கே புந்தலக் கரையில் ஏறக்குறைய 1,25,000 வருடம் பழையது என்று தொல்லியலாளர் சிரான் தெரணியகல கணித்தார். அதைச் செய்த கை எந்த இனத்தின் கை என்று எலும்பு இல்லாமல் சொல்ல ஏலாது. கடல் தாண்டினால் சென்னைக்குக் கிட்ட அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகள் 15 லட்சம் வருடப் பழையவை. அங்கும் ஆளின் எலும்பு இல்லை.

பெரியபுளியங்குளத்துக் கற்குகைகளைப் பற்றியும் இருவர் கேட்டிருந்தீர்கள். மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய விளிம்பும் பிராமி எழுத்தும் அருமையானவைதான், ஆனால் அவை இரண்டாயிரத்துச் சொச்ச வருடம். தெற்கே பாகியன்கல குகையில் 48,000 வருடத்துக்கு முன்பே ஆட்கள் இருந்து குரங்கும் அணிலும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள். அவர்கள் அழிந்த இனமல்ல, எங்கள் இனமே.

காணி துப்புரவாக்கும்போது எலும்பு கண்டால் எடுத்து உங்களிடம் கொண்டுவரலாமா? (முறிகண்டி)

வேண்டாம் ஐயா, தயவுசெய்து. வேலையை நிறுத்துங்கள், கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். எங்கள் மண்ணில் எலும்பு என்றால் முதலில் அது யாருடைய பிள்ளை என்ற கேள்விதான் வரும். அதை நீதிமன்றம் பார்க்க வேண்டும். கண்ணிவெடி அகற்றாத காடென்றால் கிட்டவே போகாதீர்கள்.

ஒருமுறை ஒரு பெடியன் மைலோ ரின்னுக்குள் ஒரு பல்லைக் கொண்டுவந்தான். மாட்டுக் கடைவாய்ப்பல். எங்கே எடுத்தாய் என்றால், “அங்கால” என்கிறான். அது ஆதிமனிதன் பல்லாகவே இருந்திருந்தாலும் “அங்கால”வை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது.

தென்னாபிரிக்காவின் ஸ்டெர்க்பொன்டைன் குகைக் கதை இதற்கு நேரெதிர். 1994இல் ஆய்வாளர் ரொன் கிளார்க் விலங்கெலும்புப் பெட்டிகளைக் கிண்டும்போது மனித இனத்துப் பாத எலும்புகள் நாலைக் கண்டார். பின்னர் வேறு பெட்டியில் முறிந்த ஒரு கால் எலும்புத் துண்டும் வந்தது. எந்தக் கிடங்கிலிருந்து எடுத்தது என்று பெட்டியில் எழுதியிருந்தது. 1997இல் அந்தத் துண்டை அச்செடுத்து வார்த்த நகலைத் தன் உதவியாளர்கள் ஸ்டீபன் மொட்சுமி, ந்க்வானே மொலெபே இருவரிடமும் கொடுத்து, இதன் மறுபாதி பாறையில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள் என்றார். கைவிளக்கோடு இறங்கிய அவர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்தார்கள். முறிவும் முறிவும் பொருந்தின. பின்னால் பாறைக்குள் முழு எலும்புக்கூடும் கிடந்தது. அதைக் கொத்தி எடுக்க இருபது வருடம் பிடித்தது.

எனக்கு இதைப் படிக்க விருப்பம். ஆனால் இருட்டுக்கும் ஒடுக்கத்துக்கும் சரியான பயம். சரிவருமா? (மாணவி, நெடுங்கேணி)

சரிவரும் பிள்ளை. சைபீரியாவில் டெனிசோவா என்று ஒரு குகை. அங்கே 2008இல் எடுத்த விரல் எலும்புத் துணுக்கின் டி.என்.ஏ.யை வைத்துத்தான் 2010இல் ஒரு புது மனித இனத்தையே கண்டார்கள். அந்த ஆய்வை நடத்திய ஸ்வான்டே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு. குளிர்க் குகை என்பதால் டி.என்.ஏ. கெடாமல் இருந்தது. எங்கள் வெக்கைக்கு அது தாங்காது.

அதே குகையில் எடுத்த, என்ன விலங்கென்றே தெரியாத எலும்புத் துணுக்குகள் பை பையாகக் கிடந்தன. சமந்தா பிரவுன் என்ற ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மாணவி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துணுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, புரதத்தைச் சோதித்தார். மாடு, குதிரை, மான், திரும்ப மாடு. கடைசியில் ஒன்று மட்டும் மனித இனம். நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் இருக்கும். பிறகு வேறு ஆய்வாளர்கள் டி.என்.ஏ. பார்த்தால் தாய் நியண்டர்தால், தகப்பன் டெனிசோவன், செத்தவள் ஒரு பெண்பிள்ளை. எலும்பின் தடிப்பைப் பார்த்தால் பதின்மூன்று வயதாவது இருக்கும். அந்தத் துணுக்கைச் சமந்தா கண்டுபிடித்தது வெளிச்சமான அறையில், மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டுதான்.