வாகனக் கேள்வி – பதில்: ரைமிங் செயின் சத்தத்துக்குத் தடித்த ஒயில் மருந்தாகுமா?

கேள்வி: ஐயா, ஜப்பானில் இருந்து இறக்குமதியான 660 சீசீ பெற்றோல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். மீற்றர் 1,30,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. காலையில் முதல் தடவை ஸ்ரார்ட் செய்யும்போது எஞ்சினின் ஒரு பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று நொடிகளுக்குக் கடகடவென்று சத்தம் எழுந்து அடங்கிவிடுகிறது. அதன் பிறகு பகல் முழுவதும் சத்தமே இல்லை. ரைமிங் செயின்தான் அடிக்கிறது என்றும், 0டபிள்யூ-20 ஒயிலை விட்டுவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் நின்றுவிடும் என்றும் எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். ஊற்றலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: சத்தம் காலையில் மட்டும் வருகிறது, பகலில் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே இந்தக் கேள்விக்குப் பாதி விடையாகும். நண்பகல் வெயிலில் முல்லைத்தீவு வீதியில் ஓடிவிட்டு வந்து எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருக்கும் நேரத்தில்தான் ஒயில் மிகவும் நீர்த்திருக்கும், ஒயில் அழுத்தமும் மிகவும் குறைந்திருக்கும். அந்த நிலையிலேயே செயின் இறுக்கமாக நின்று சத்தமின்றி ஓடுகிறது என்றால், உங்கள் ஒயில் மெல்லியதாக இருப்பது குற்றமல்ல. காலையில் ஒயில் உரிய இடத்தில் இல்லாமல் இருப்பதும், அது அங்கு போய்ச் சேரச் சில நொடிகள் எடுப்பதுமே குற்றம்.

ரைமிங் செயின் என்பது, பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுக்குக் கொண்டுசெல்லும் சங்கிலி. அதை இறுக்கிப் பிடித்திருப்பது ரென்ஷனர் என்ற சிறிய உறுப்பு. அதனுள்ளே ஒரு தண்டும் சுருள்வில்லும் உண்டு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒயில் அழுத்தம் அந்தத் தண்டைப் பின்னால் இருந்து தள்ளி, வழிகாட்டிப் பட்டையை செயினோடு அழுத்துகிறது. எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் ஒயில் வடிந்துவிடாமல் இருக்க ஒரு குண்டு வால்வும், பல மாதிரிகளில் தண்டு பின்வாங்காமல் தடுக்கும் பற்களும் இருக்கும். ஒயில் பில்டருக்குள்ளும் ஒரு இறப்பர் மடல் இருக்கிறது. பில்டரிலும் மேல் குழாய்களிலும் நிற்கும் ஒயில் இரவில் கீழ்த் தட்டுக்கு இறங்கிவிடாமல் காப்பது அதன் வேலை. இவற்றில் ஒன்று தேய்ந்தாலோ இறுகிப்போனாலோ, விடியும்போது வழி முழுவதும் வெறுமையாகிவிடும். தோட்டக் கிணற்றில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் புட்வால்வ் கசிந்தால் காலையில் வாளியால் நீர் ஊற்றித்தான் அதை இயக்க வேண்டியிருக்கும் என்பது வன்னி விவசாயிகளுக்குப் புதிதல்ல. அங்கே வால்வைத்தான் மாற்றுவோம், தண்ணீரை மாற்றுவதில்லை.

இனி ஒயில் எண்களுக்கு வருவோம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், உறைகுளிரில் ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது. எஸ்ஏஈ ஜே300 என்ற ஒயில் தரவரையறையின்படி 0டபிள்யூ ஒயிலை மைனஸ் 35 பாகை செல்சியஸிலும், 20டபிள்யூ ஒயிலை மைனஸ் 15 பாகையிலும் வைத்துத்தான் எஞ்சின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட அந்தக் குளிரை நாம் கண்டதில்லை என்பதால், இந்த எண்ணுக்கு இங்கே பொருளே இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பின்னால் உள்ள எண் 100 பாகையில் அளக்கப்படும் பாகுநிலையை, அதாவது தடிப்பைக் குறிக்கிறது (அதன் அலகு சென்ரிஸ்ரோக்; எண் கூடினால் தடிப்பும் கூடும்): 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்ரிஸ்ரோக் வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. காலையில் உங்கள் எஞ்சின் இந்த இரண்டு வெப்பநிலைகளிலும் இல்லை. 25 பாகையை ஒட்டி இருக்கிறது. 40 பாகையிலேயே 0டபிள்யூ-20 ஒயில் ஏறத்தாழ 45 சென்ரிஸ்ரோக்கும், 20டபிள்யூ-50 ஒயில் ஏறத்தாழ 160 சென்ரிஸ்ரோக்கும் காட்டும். அதற்கும் கீழே இறங்கினால் இரண்டும் மேலும் தடிக்கும், இடைவெளியும் விரியும். ஆகவே நீங்கள் ‘மெல்லிய ஒயில்’ என்று நினைக்கும் அதே 0டபிள்யூ-20, காலையில் ஸ்ரார்ட் செய்யும் நேரத்தில், நன்கு சூடேறிய 20டபிள்யூ-50 ஒயிலைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தடிப்பாகவே இருக்கிறது. அந்தத் தடிப்பினால் நிற்காத சத்தம் இன்னும் தடித்த ஒயிலால் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கு வலுவான காரணம் இல்லை. வெறுமையாகிப்போன ஒடுங்கிய துளைகளைத் தடித்த ஒயில் தாமதமாகவே நிரப்பும். அழுத்தமானி அப்போது உயர்ந்து காட்டுவது உண்மைதான். ஆனால் அது ஒயில் ஓட மறுப்பதனால் எழும் அழுத்தம், கூடுதலாக ஓடுகிறது என்பதற்கான சான்று அல்ல.

அதற்காக உங்கள் மெக்கானிக்கின் அனுபவத்தை நான் பொய் என்று சொல்ல வரவில்லை. ரென்ஷனரின் வால்வு மிகச் சிறிதளவே கசிகிறது என்றால், தடித்த ஒயில் இரவில் மெதுவாக வடியும், காலையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், சத்தமும் குறையும். ஓரிரு மாதங்களுக்கு வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக இருப்பார். மேலும், நம் சிறு நகரங்களின் உதிரிப்பாகக் கடைகளில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் உழவு இயந்திரத்துக்கும் லான்ட்மாஸ்ரருக்கும் முச்சக்கர வண்டிக்குமான 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஒயில்கள்தான். 0டபிள்யூ-20 தேடி வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போக வேண்டும், விலையும் கூட. கையில் கிடைப்பதையே மருந்தென்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

எனக்குக் கவலை தருவது வேறு. செயின் ‘நீண்டுவிட்டது’ என்று சொல்வது, இரும்பு இழுபட்டு நீண்டதை அல்ல. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் துளையும் மயிரிழையளவு தேய, அந்தத் தேய்மானம் எல்லாக் கண்ணிகளிலும் சேர்ந்து செயினின் நீளமாக வெளிப்படுகிறது. தண்டு தன் எல்லை வரை நீண்ட பிறகு ரென்ஷனரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செயின் மூடியில் உரசத் தொடங்கும், பிறகு பல்லைத் தாண்டும், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்ரனில் மோதும். காலையில் எழும் அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே முன்னறிவிப்பு. அதைத் தடித்த ஒயிலால் அமுக்கிவிட்டால், அடுத்த அறிவிப்பு மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் ஏ9 வீதியோரத்தில் வரக்கூடும்.

முதலில் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் கம்பியை இழுத்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள். இந்தச் சிறிய எஞ்சின்களில் மொத்தமே மூன்று லீற்றர் அளவுதான் என்பதால் அரை லீற்றர் குறைந்தாலே அது பெரிய குறைவு. அடுத்து பில்டர். இரவு முழுவதும் நின்ற காரை ஸ்ரார்ட் செய்யாமலே காலையில் பில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பொருத்தப்பட்ட பில்டர் கையில் வரும்போது கிண்ணம் நிறைய ஒயில் வழிந்தால் மடல் வேலை செய்கிறது. சில துளிகளே விழுந்தால் மடல் இறுகிவிட்டது என்று ஐயப்படலாம். மலிவான போலிப் பில்டர்களில் அந்த மடல் சில மாதங்களிலேயே பலகை போலாகிவிடுகிறது, ஆகவே நம்பகமான பில்டரைப் போட்டுவிட்டு ஒரு வாரம் காலைச் சத்தத்தைக் கவனியுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால், பெற்றோல் பம்பின் பியூசை எடுத்துவிட்டு எஞ்சினை ஐந்தாறு நொடிகள் சுழலவிட்டு, பியூசைப் போட்டு ஸ்ரார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் வராவிட்டால் ஒயில் வந்துசேரும் தாமதமே காரணம், ரென்ஷனரின் வால்வை அடுத்ததாகச் சந்தேகிக்கலாம். வந்தால் செயினையும் வழிகாட்டிப் பட்டைகளையும், கேம் தண்டின் முனையில் செயின் சுற்றும் கேம் சில்லையும் திறந்து பார்க்க வேண்டும். வால்வு நேரத்தை மாற்றும் கேம் சில்லின் பூட்டு ஊசி தேய்ந்தாலும் இதே போன்ற சத்தம் ஒரு நொடிக்கு எழும் என்பதால், எஞ்சின் கணினியின் பிழைக் குறிகளை வாசிக்கும் ஸ்கேனரில் பி0016 என்ற குறி பதிந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அது கேம் தண்டும் கிராங் தண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கவில்லை என்பதற்கான குறி.

ஒயில் விடயத்தில் என் கருத்து இதுதான்: கையேட்டில் 5டபிள்யூ-30 அனுமதிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு படி வரை தாராளமாக ஏறலாம், நம் வெயிலுக்கும் வண்டியின் வயதுக்கும் அது பொருந்தும். 20டபிள்யூ-50 வேண்டாம். எந்த ஒயிலாக இருந்தாலும், கிரவல் வீதியில் புழுதி குடித்து ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீற்றரிலாவது மாற்றிவிடுங்கள். ஏர் பில்டரின் வழியே நுழையும் நுண்மணலும் அழுக்கேறிய ஒயிலும் செயின் ஊசிகளைத் தேய்ப்பது போல மெல்லிய ஒயில் ஒருபோதும் தேய்ப்பதில்லை.

கேள்வி: என் காரில் இதற்கு நேர்மாறாக, வவுனியாவுக்குப் போய்த் திரும்பியபின் நிறுத்தாமல் வைத்திருக்கும்போதுதான் செயின் சத்தம் கேட்கிறது. காலையில் இல்லை. எனக்கும் இதே பதில்தானா?
– வாசகி, மல்லாவி

பதில்: இல்லை. உங்கள் வண்டியில் ஒயில் சூடேறி நீர்த்தபின் அழுத்தம் போதாமல் போகிறது. தடித்த ஒயில் உண்மையாகவே உதவக்கூடிய இடம் இதுவே. 0டபிள்யூ-20 ஊற்றியிருந்தால் 5டபிள்யூ-30க்கும், ஏற்கெனவே 5டபிள்யூ-30 ஊற்றியிருந்தால் கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் 10டபிள்யூ-40க்கும் மாறலாம். எனினும் அதற்கு முன் அழுத்தமானியைப் பொருத்தி, சூடான எஞ்சினின் ஒயில் அழுத்தத்தை ஒரு தடவை அளந்து, தயாரிப்பாளர் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒயில் விளக்கு மின்னத் தொடங்கியிருந்தால் காரை ஓட்டவே வேண்டாம். பம்போ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம், அதை எந்தத் தடிப்பும் சரிசெய்யாது.

கேள்வி: 100 சீசீ மோட்டார் சைக்கிளில் ரைமிங் செயின் அடிக்கிறது. 10டபிள்யூ-30க்குப் பதிலாகக் காருக்குப் போடும் 20டபிள்யூ-50 போடலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: போட வேண்டாம். மோட்டார் சைக்கிளில் கிளச்சும் அதே ஒயிலில்தான் மூழ்கியிருக்கிறது; ஒயிலில் மூழ்கிய கிளச்சுக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ என்ற குறி போத்தலில் இல்லாத கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும். இந்தச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் ரென்ஷனரைத் தள்ளுவது பெரும்பாலும் சுருள்வில்லே ஆகையால், அங்கே ஒயிலின் தடிப்புக்கு வேலை இன்னும் குறைவு. ஏறத்தாழ ஒரு லீற்றர் ஒயிலோடு மட்டுமே ஓடும் எஞ்சின் அது. முதலில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் ரென்ஷனரையும் செயினையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மீண்டும் எஞ்சினைத் திறக்க வேண்டி வரும்.