210 தீர்ப்பில் 92 (கடிதம்)

அன்புள்ள ஐயா,

லீட்ஸில் இருக்கிறேன். கல்வி மதிப்பீட்டுத் துறையில் முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஐரோப்பியக் கல்வி மதிப்பீட்டுச் சங்கம் புதிய ஆய்வாளர்களுக்குத் தரும் கேத்லீன் டாட்டர்சால் விருதுக்கு விண்ணப்பிக்கும்படி என் நெறியாளர் சொல்கிறார். எனக்குத் தயக்கம். உடன் இருப்பவர்கள் கணினித் தேர்வு, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய வேலைகளோடு வருகிறார்கள். நான் செய்தது சின்ன வேலை. ஒரே கட்டுரைத் தாளை அதே ஆசிரியர் சில மாதம் கழித்துத் திருத்தினால் மார்க் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தேன், அவ்வளவுதான். இனி மெஷினே திருத்தப்போகிறது, இதற்கு என்ன மதிப்பு? தன்னைத் தானே முன்னிறுத்துவதும் கூச்சமாக இருக்கிறது. விருதால் வேலை கிடைக்குமா என்றும் தெரியவில்லை. விண்ணப்பிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விண்ணப்பியுங்கள். வேலைக்குக் கொஞ்சம் உதவும். கூச்சம் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் போய்விடும்.

ஆனால் ‘சின்ன வேலை, அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் சில வாரங்களாக ஃபிலிப் ஹார்டாக்கை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நம்மூரில் பி.எட். படித்த எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியக் கல்வியை ஆராய்ந்த ஹார்டாக் குழு, 1929, விரயமும் தேக்கமும். பிள்ளைகள் பாதியில் பள்ளியை விட்டு நிற்பது விரயம், ஃபெயிலாகி ஒரே வகுப்பில் கிடப்பது தேக்கம். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த அதே மனிதர்தான் பிறகு இங்கிலாந்தில், புள்ளியியலாளர் ரோட்ஸுடன் சேர்ந்து தேர்வுகளையே சோதித்துப் பார்த்தார். முடிவுகள் 1935இல் வெளிவந்தன. பள்ளித் தேர்வின் வரலாற்றுத் தாள்கள் 15 எடுத்துக்கொண்டார்கள். அசல் தேர்வில் பதினைந்துக்கும் ஒரே நடுத்தர மார்க்தான் கிடைத்திருந்தது. அனுபவமுள்ள தேர்வாளர்கள் அவற்றைத் திருத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்கள் மறுபடி போயின. 14 பேர், 15 தாள், 210 தீர்ப்பு. அதில் 92 இடங்களில், ஃபெயிலா பாஸா, பாஸுக்கும் மேலான கிரெடிட்டா என்பதில், அதே ஆள் தான் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்.

இதை எந்த பி.எட். வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. தேக்கம் என்று எண்ணிய பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தப் பக்கம் தள்ளியது அவர்களுடைய படிப்பு, எத்தனை பேரை தள்ளியது திருத்தியவரின் அன்றைய மனநிலை? 1929ஐயும் 1935ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தக் கேள்வி தானாக எழும். நாம் முதல் பாதியை ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம், இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம். பிள்ளை தேங்கியது என்று எழுதப் பழகிய கைக்கு, மார்க் ஆடும் என்று எழுத வரவில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்க்வால் 2018இல் கணக்குப் போட்டு வெளியிட்டது. ஒரு மாணவருக்கு, மூத்த தேர்வாளர் தந்திருக்கக்கூடிய அதே கிரேடு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? கணிதத்தில் 0.96. ஆங்கில மொழியும் இலக்கியமும் சேர்ந்த ஏ லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) பாடத்தில் 0.52. 2020 செப்டம்பரில் அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த கிளெனிஸ் ஸ்டேசி, கிரேடு ஒரு படி மேலோ கீழோ இருக்கலாம், அந்த அளவுக்குத்தான் நம்பத்தக்கது என்று நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். அங்கே பல்கலைக்கழக இடம் போவது அந்த ஒரு படியில்தானே? சான்றிதழில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? இதைத் துருவுவது சின்ன வேலையா?

மெஷின் விஷயம். பெரும்பாலும் மனிதர் போட்ட மார்க்கைப் பார்த்துத்தான் அதுவும் பழகுகிறது. மனிதர் மார்க் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாமல் மெஷினை எதோடு ஒப்பிடுவது? இதற்கு மேல் அதற்கு நேரம் செலவழிக்க விருப்பமில்லை.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் எங்கள் குழுவுக்கு ஓர் அம்மா முதன்மைத் தேர்வாளராக இருந்தார். காலையில் கட்டைப் பிரித்ததும் ஒரே ஒரு தாளை எல்லோரையும் தனித்தனியாகத் திருத்தச் சொல்லி, மார்க்கை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வார். அப்புறம் அதிகம் போட்டவரையும் குறைவாகப் போட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஏன் என்று கேட்பார். கோபித்துக்கொண்டு பேனாவை மூடிவைத்த மூத்த ஆசிரியரும் உண்டு. ‘சார், நம்ம சண்டைய இப்பவே முடிச்சுக்குவோம், புள்ளைங்க தலையில போட வேணாம்’ என்பார் அந்த அம்மா. சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் திருத்தி முடித்த தாள்களில் ஒன்றிரண்டை உருவி மறுபடி பார்ப்பார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்தச் சீட்டுகளையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டிவைத்திருந்தார். அதை வாங்கிப் பார்க்க ஒரு ஆய்வாளர் வந்திருந்தால் நமக்கென்று ஒரு ஹார்டாக் ஆய்வு இருந்திருக்கும். வரவில்லை, அவரும் கட்டுரை எழுதுகிறவர் இல்லை.

டாட்டர்சாலும் வகுப்பறையில் தொடங்கி, தேர்வு வாரியங்களில் வேலை பார்த்து, ஆஃப்க்வாலின் முதல் தலைவரானவர். அவர் பெயரில் இருக்கும் விருதுக்கு, தாள் திருத்துகிற ஆசிரியரைப் பற்றிய ஆய்வு தகுதியில்லை என்று நீங்களே முடிவு செய்வது அவருக்கும் மரியாதை இல்லை, உங்கள் தாள்களைப் பொறுமையாக இரண்டு முறை திருத்திக் கொடுத்த ஆசிரியர்களுக்கும் மரியாதை இல்லை.

விண்ணப்பத்தில் கோட்பாட்டை முதலில் வைக்காதீர்கள் அம்மா. ஒரு தாளை எடுங்கள், முதல் முறை போட்ட மார்க், இரண்டாம் முறை போட்ட மார்க், அந்தப் பிள்ளைக்கு அதனால் எந்த கிரேடு கைநழுவியது, அதிலிருந்து தொடங்குங்கள். எந்த ஆசிரியர்களின் மார்க் ஆடவே இல்லை என்றும் பாருங்கள். அவர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கேட்கவில்லையென்றால் அனுப்புவதற்கு முன் போய்க் கேளுங்கள். அந்தப் பதில்கள் கிடைத்ததும் எனக்கும் அனுப்புங்கள்.