தபால்தலையில் கோடாலியும் ரம்பமும்: கேட்டதும் சொன்னதும்

மரம் வெட்டும் கைக்கருவிகள் வரும் தபால்தலைகளை மட்டும் பல வருடமாகச் சேர்த்து வருகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கி, தெரிந்ததை எழுதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, புதிதாகத் தொடங்குகிறேன். எந்தத் தபால்தலையிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பழையதிலிருந்தே ஆரம்பி தம்பி. நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேராமல் தனியாக இருந்த காலத்தில், 1897-இல், கேபட் என்ற மாலுமி அங்கே வந்து 400 ஆண்டு ஆனதற்கு ஒரு வரிசை போட்டார்கள். சுரங்கம், மீன்பிடிப்பு, சீல் என்ற கடல் விலங்கு என்று அந்த ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைத்தார்களோ அதெல்லாம் அதில் இருக்கிறது. 6 சென்ட் தலை மரம் வெட்டும் தொழிலுக்கு. 1910 வரிசையின் 9 சென்ட் தலையில் மரம் வெட்டுகிறவர்களின் முகாமே வருகிறது. அப்புறம் 1930-இல் பின்லாந்து போட்ட 25 மார்க் தலை. அதே வரிசையில் ஒரு கோட்டை, ஒரு ஏரி. அவற்றுக்குச் சமமாக, அவற்றை விடக் கூடுதல் விலைமதிப்பில் ஒரு மரம் வெட்டும் தொழிலாளி. தபால்தலையில் வழக்கமாக ராஜாவும் ராணியும் இருக்கும் இடத்தில் ஒரு கூலியாள் நிற்கிறார் என்பதற்காகவே எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கனடா 1946-இல் போட்ட 50 சென்ட் தலையும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரம் வெட்டும் காட்சிதான்.

முத்திரை விழுந்த பிரதியே போதும், காசு மிச்சமாகும். ஆனால் முத்திரை கருவியின் மேலேயே விழுந்திருந்தால் வாங்காதே.

மயிலாப்பூர் வாசகர்: படத்தில் இரண்டு பேர் இழுக்கும் ரம்பம் இருந்தால் எல்லாம் ஒரே வகைதானே? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இல்லை சார், இங்கேதான் விஷயமே இருக்கிறது. நின்ற மரத்தைச் சாய்க்கும் ரம்பம் வேறு, விழுந்த மரத்தைத் துண்டு போடும் ரம்பம் வேறு. சாய்க்கிற ரம்பத்தின் முதுகு உள்பக்கம் குழிந்திருக்கும், எடையும் குறைவு. ரம்பம் மரத்துக்குள் கொஞ்சம் போனதுமே அதன் பின்னால் ஆப்பு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் பாரம் இறங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். முதுகு குழிந்திருப்பதால் ஆப்புக்குச் சீக்கிரம் இடம் கிடைக்கிறது. துண்டு போடுகிற ரம்பம் நேர்முதுகு, கனம், வளையாது, ஒரே ஆள்கூட இழுக்கலாம்.

பல்லையும் பாருங்கள். மரத்தை நாருக்குக் குறுக்கே அறுக்கும் நல்ல ரம்பத்தில் நாரை வெட்டும் பற்களுக்கு நடுவே சற்றே குட்டையான வேறு வகைப் பல் இருக்கும். அதற்கு வெட்டும் வேலை கிடையாது, வெட்டுப்பட்ட நாரைச் சுரண்டி வெளியே தள்ளுவதுதான் வேலை. இரண்டு பேர் பிடிக்கும்போது ஒவ்வொருவரும் தன் பக்கம் இழுக்க மட்டும்தான் வேண்டும், எதிரே இருப்பவர் பக்கம் தள்ளினால் தகடு வளைந்துவிடும். தலையில் இருக்கும் இருவரில் ஒருவர் பின்னால் சாய்ந்து இழுக்க, மற்றவர் கையைத் தளர்த்தி விட்டுக்கொடுத்தபடி இருந்தால், வரைந்தவர் வேலையைக் கண்ணால் பார்த்தவர் என்று நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வரைந்தது.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். செதுக்கிய தகட்டில் அச்சான பழைய தலைகளில் கோடு கோடாக இதெல்லாம் தெரியும். ஆஃப்செட் அச்சுமுறையில் வந்தவற்றைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிதான்.

அண்ணா நகர் சகோதரி: ஒரு தலையில் நீளக் கம்பும் அதில் கொக்கியும் இருக்கிறது. இது என்ன கருவி?

கட்டையைப் புரட்டும் கொக்கிக் கம்பு அது. கம்பின் நுனியைப் பாருங்கள் அம்மா. கூரான இரும்பு முள் இருந்தால் அதற்குப் பெயர் பீவி. 1850களின் கடைசியில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜோசப் பீவி என்ற கொல்லர் உருவாக்கியது, அவர் பெயரே நிலைத்துவிட்டது. முள் இல்லாமல் மொண்ணையாக இருந்தால் அதற்கு முந்தைய வகை, பெரும்பாலும் மரக்கிடங்கிலும் அறுவை மில்லிலும் புழங்கியது. ஆற்றில் மிதக்கும் கட்டைகள் ஒன்றோடொன்று சிக்கினால் குத்திப் பிரிக்க அந்த முள் வேண்டும். ஆகவே பின்னணியில் ஆறு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கொக்கியே இல்லாமல் ஆள் உயரத்தைத் தாண்டிய கழி என்றால் அது கட்டைகளைத் தள்ளிவிடும் ஈட்டிக்கழி.

தாம்பரம் வாசகர்: ஒரே ஒரு நாட்டை எடு என்றால் எதை எடுப்பீர்கள்?

மத்திய அமெரிக்காவில் இருக்கும் பெலீஸ். யோசிக்கவே வேண்டாம். பழைய பெயர் பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், மகோகனி மரத்தை வெகுவாக நம்பியிருந்த காலனி. 1938 வரிசையில் 10 சென்ட் தலையில் ஆற்றில் மிதக்கும் மகோகனி கட்டைகள், 2 டாலர் தலையில் மகோகனி வெட்டும் காட்சி. மகோகனிக்கு அடியில் சுவர் மாதிரி வேர்கள் பரந்திருக்கும், தரையில் நின்று கோடாலி வீச முடியாது. அதனால் பரண் கட்டி, அதன் மேல் நின்று வெட்டினார்கள். அந்த வேலையை ஆரம்பத்தில் செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அவர்கள் முழு விடுதலை பெற்றது 1838-இல், இந்த வரிசை வந்ததோ சரியாக நூறு வருடம் கழித்து. ஆல்பத்தில் அந்தத் தலைக்குக் கீழே இதை எழுதாமல் விடக்கூடாது என்பது என் எண்ணம்.

1981-இல் சுதந்திரம் வாங்கிய பிறகும் அவர்கள் கருவிகளைக் கைவிடவில்லை. தேசியச் சின்னத்தில் மரம் வெட்டுகிறவர்கள் இருவர், கோடாலிகள், ரம்பம், துடுப்பு, பின்னால் மகோகனி மரம். கொடியிலும் இதேதான். அதனால் பெலீஸ் கொடியோ சின்னமோ அச்சான எந்தத் தலையும் இந்த ஆல்பத்துக்குள் வரும்.

ராயபுரம் வாசகர்: தாத்தா பர்மாவிலிருந்து வந்தவர். அவர் பெட்டியில் யானை மரம் இழுக்கும் தலை ஒன்று இருக்கிறது. மதிப்பு உண்டா?

ஆறாம் ஜார்ஜ் மன்னர் முகம் கூடவே இருந்தால் அது 1938 வரிசையில் முதலில் வந்த படம். 1937-இல் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தார்கள். முதலில் இந்தியத் தலைகள் மேலேயே பர்மா என்று அச்சடித்து ஓட்டினார்கள், அடுத்த வருடம் சொந்தமாகத் தலை போட்டார்கள். யானை இழுப்பது தேக்கு. பணமாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் வராது, தயவுசெய்து விற்காதீர்கள். உறையோடு, ரங்கூன் முத்திரையோடு இருந்தால் உறையிலிருந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையை மட்டும் எடுத்துவிட்டால் யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பது போய்விடும்.

வேளச்சேரி வாசகர்: நம் நாட்டுத் தலைகளில் இல்லையா?

காடு உண்டு, கருவிதான் அபூர்வம். 1954-இல் டேராடூனில் உலக வனவியல் மாநாடு நடந்தபோது வந்த 2 அணா தலையில் வன ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடம் இருக்கிறது. 1980களின் வேளாண்மை வரிசையில் ரப்பர் பால் எடுக்கும் காட்சி வருகிறது, அது மரத்தைச் சாய்க்காத கத்தி என்றாலும் நான் ஆல்பத்தில் வைத்திருக்கிறேன். ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயரே வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் வந்தது. காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி கையில் இன்றும் மரம் செதுக்கும் வாய்ச்சி இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு தலை வரவேண்டும் என்பது என் ஆசை, அஞ்சல் துறைக்கு நாம் கேட்டு எழுதலாம்.

குரோம்பேட்டை வாசகர்: நாடு வாரியாக அடுக்குவதா, வருடம் வாரியாகவா?

இரண்டும் வேண்டாம். வேலை நடக்கிற வரிசையில் அடுக்குங்கள். முதலில் கோடாலியால் மரம் சாயும் பக்கத்தில் வாய் போல ஒரு பள்ளம் வெட்டுவது, எதிர்ப்பக்கம் ரம்பம், ஆப்பு, கிளை கழிப்பது, துண்டு போடுவது, யானையோ மாடோ இழுப்பது, ஆறு, கடைசியில் கட்டையைச் சதுரமாகச் செதுக்கும் அகலக் கோடாலியும் வாய்ச்சியும். காபோன் 1930களில் போட்ட ஒகோவே ஆற்று மரத் தெப்பம் இப்படி அடுக்கும்போது பர்மா யானைக்கு அடுத்த பக்கம் தானாக வந்து உட்காரும். கருவி எதற்கு என்று பார்க்கிறவருக்கு நாம் விளக்கவே வேண்டியதில்லை.

மாம்பலம் அம்மா: மழைக்காலத்தில் தலைகள் ஒட்டிக்கொள்கின்றன, பழுப்புப் புள்ளி வருகிறது. என்ன செய்ய?

சென்னையில் எல்லோருக்கும் உள்ள தொல்லைதான் அம்மா. ஐப்பசி, கார்த்திகையில் ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு நிறம் மாறியதும் மாற்றுங்கள். பிவிசி உறை கூடவே கூடாது. புள்ளி வந்த தலையை உடனே தனியாக எடுத்துவிடுங்கள், பக்கத்தில் உள்ளதற்கும் பரவும். கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

அடையாறிலிருந்து பள்ளி மாணவர்: மரத்திலேயே செய்த தலை இருக்கிறதாமே?

இருக்கிறது கண்ணா. சுவிட்சர்லாந்து 2004-இல் 5 பிராங்க் தலையை மெல்லிய மரத் தகட்டில் அச்சடித்தது. அதில் கோடாலியும் இல்லை, ரம்பமும் இல்லை, ஆனாலும் உன் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் தாராளமாக வைக்கலாம். புது இந்தியத் தலைகளுக்கு அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் தபால்தலை சேகரிப்போருக்கென்றே இருக்கும் பிரிவுக்கு அப்பாவோடு ஒரு நாள் போய் வா.