சுவைக்குறிப்பில் பழங்களின் பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒயின், சைடர் (ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்த மது) பற்றிய உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சில காலமாக நானும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, அருந்தியதை எழுதி வருகிறேன். திருப்பிப் பார்த்தால் எல்லாப் பக்கங்களிலும் ‘நன்றாக இருக்கிறது’, ‘மென்மையானது’, ‘பழ மணம்’ என்ற சொற்களே இருக்கின்றன. மற்றவர்கள் பிளாக்கரன்ட், ஈரக்கல், பதப்படுத்திய தோல், மிளகு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அதே பாட்டிலைத் திறந்து நான் முகர்ந்தால் அவற்றில் ஒன்றுகூடப் பிடிபடுவதில்லை. இந்த மணங்கள் உண்மையிலேயே அதில் இருக்கின்றனவா, எழுதுபவர்களின் கற்பனையா? எனக்கு மூக்கு சரியில்லையா? சைடரையும் ஒயினைப் போலவே மதிப்பிடலாமா? கடைசியாக ஒன்று: நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மணங்கள் கற்பனை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தேகம் உள்ளே இருக்கும்வரை யாராலும் கவனித்து முகர முடியாது.

கேபர்னே சோவின்யோன் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் மணக்கிறது என்று ஒருவர் எழுதினால் அது உவமை இல்லை. மெத்தாக்சிபைரசின் வகைச் சேர்மங்கள் குடைமிளகாயிலும் இருக்கின்றன, அந்தத் திராட்சையிலும் இருக்கின்றன. பழம் முற்ற முற்ற, வெயில் படப் பட அவை குறையும். ஆகவே அந்த மணம் தூக்கலாக இருந்தால் பழம் முழுதாகப் பழுக்கவில்லை என்றோ, கொடியின் இலைகள் அடர்ந்து நிழல் விழுந்திருந்தது என்றோ ஊகிக்க இடமிருக்கிறது. கெவூர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினில் லிச்சியும் ரோஜாவும் மணப்பதற்குக் காரணமான ரோஸ் ஆக்சைடு லிச்சிப் பழத்திலேயே உள்ளது. சில ஷார்டனே வெள்ளை ஒயின்களில் வரும் வெண்ணெய் மணம் டைஅசெட்டைல். மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன.

மிளகின் கதை உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதிலாக அமையும். ஷிராஸ் ஒயினில் மிளகு மணப்பது ரோட்டண்டோன் என்ற சேர்மத்தால் என்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2008இல் வெளியிட்டார்கள். மிளகிலும் அதே சேர்மம்தான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் 16 பங்கு இருந்தாலே போதும், மூக்கு அறிந்துவிடும். ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அதைப் பல நூறு மடங்கு அதிகமாகத் தண்ணீரில் கலந்து கொடுத்தபோதும் எதுவும் மணக்கவில்லை. ஆக, ஒரே பாட்டிலைச் சுற்றி அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு மிளகு மணப்பதும் இன்னொருவருக்கு அது அறவே இல்லாமல் போவதும் இயல்பு. உங்கள் மூக்கில் கோளாறு இருக்கிறது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. அடுத்தவரின் பட்டியலை உங்கள் கிளாஸில் தேடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

எல்லாச் சொற்களுக்கும் பின்னால் இப்படி ஒற்றைச் சேர்மத்தைக் காட்டிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈரக்கல் அப்படிப்பட்ட ஒரு சொல். நிலத்தடிப் பாறை வேர் வழியாக ஏறிக் கிளாஸுக்கு வந்து மணப்பதில்லை. பழ மணம் அடங்கியும் அமிலம் உயர்ந்தும் உள்ள வெள்ளை ஒயின்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அந்தச் சொல் வருகிறது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அமிலம் அதிகம், பழம் குறைவு என்று எழுதினால் வாசிப்பவருக்குக் கூடுதலாகவே புரிகிறது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். ஒரு சுவைக்குறிப்பில் பழங்களின் பெயர்கள்தான் மிகக் குறைவாகப் பயன்படும் பகுதி. எழுத வருகிறவர்கள் எல்லோரும் அங்கேயே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். பழத்தின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பதைச் சொல்வதாகவே முடிகிறது. பிரான்சின் போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஒயின் தயாரிப்பியல் மாணவர்கள் 54 பேரிடம் முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து விவரிக்கச் சொன்னார்கள். பிறகு வேறொரு நாளில் அதே வெள்ளை ஒயினை, மணமற்ற சிவப்பு நிறமி கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய பழங்களின் பெயர்களால் விவரித்தார்கள். இதைக் காட்டி ஒயின் சுவைப்பதே பொய் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணத்துக்குப் பெயர் வைக்கும்போது நாம் கண்ணையும் சேர்த்தே பயன்படுத்துகிறோம் என்பதுதான் அதிலிருந்து தெரிகிறது. லேபிளைப் பார்க்காமல், முடிந்தால் நிறமும் தெரியாத கருப்புக் கிளாஸில் ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதும் சொற்கள் உடனே மாறும்.

அப்படியென்றால் எதை எழுதுவது? வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள். விழுங்கியபின் உமிழ்நீர் சுரக்கிறதா, எவ்வளவு நேரம் சுரக்கிறது என்று பாருங்கள். அதுதான் அமிலத்தின் அளவுகோல். ஈறுகளும் நாக்கும் உலர்ந்து சொரசொரப்பாகின்றனவா? அது டேனின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. டேனின்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து அதன் வழுவழுப்பைக் குறைத்துவிடுகின்றன. எனவே துவர்ப்பு பெருமளவு ஒரு தொடு உணர்வு. கசப்பு அப்படியல்ல, அது சுவை. புதிதாகச் சுவைப்பவர்கள் இந்த இரண்டையும் ‘கடுமை’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்து அறிந்துவிட்டால் உங்கள் குறிப்புகளில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மிக அதிகமாக ஊறிய தேநீர் நாக்கை இழுப்பதும் சர்க்கரையற்ற கருங்காப்பி கசப்பதும் வெவ்வேறு அனுபவங்கள் அல்லவா, அவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு துவர்ப்பின் தன்மையையும் பார்க்கலாம்: மென்துகள் போலப் பரவுகிறதா, ஈறில் மட்டும் பிடிக்கிறதா, விழுங்கியபின் வளர்கிறதா. ஆல்கஹால் தொண்டையில் சூடாகத் தெரியும்.

இனிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மஸ்கட் போன்ற ஒயின்கள் சர்க்கரை சிறிதும் இல்லாதபோதும் இனிப்பவை போலத் தோன்றும், ஏனென்றால் அவற்றின் மணம் நமக்கு இனிப்பை நினைவூட்டுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு எடுங்கள். இனிப்பு மறைந்துவிட்டால் அது மணத்தின் வேலை. நீடித்தால் சர்க்கரை இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் ஒயின்கள் பலவற்றில் கணிசமான சர்க்கரை இருந்தும், உயர்ந்த அமிலம் அதைச் சமன்செய்து, விழுங்கியபின் நாக்கைத் துடைத்தாற்போல விட்டுவிடும்.

ஒரு கிளாஸை மட்டும் வைத்துக்கொண்டு விவரிக்க முயல்வது மிகவும் கடினம். எத்தனை பழக்கம் உள்ளவருக்கும் கடினம்தான். இரண்டு கிளாஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓக் மரப் பீப்பாயைத் தொடாத ஒரு ஷப்லி ஒயின், புதிய ஓக்கில் முதிர்ந்த ஒரு ஷார்டனே என்று எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே திராட்சை. முதலாவதைப் பற்றி மட்டும் கேட்டால் பேச்சு வராது. இரண்டாவது எந்த விதத்தில் வேறுபடுகிறது என்று கேட்டால் சொற்கள் தாமாகவே வரும். இன்னொரு பயிற்சியும் செய்து பாருங்கள். மூன்று கிளாஸ்களில் இரண்டில் ஒரே ஒயினும் மூன்றாவதில் வேறொன்றும் வேறொருவரை ஊற்றச் சொல்லி, எது தனித்தது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்க உதவிய அந்த வேறுபாடு எதுவோ அதுதான் குறிப்பில் எழுத வேண்டிய முதல் வரி.

மணங்களுக்கு வருவோம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன் நோபிளும் அவருடைய சகாக்களும் 1984இல் ஒயின் மணங்களுக்கான ஒரு சொல்தொகுப்பை வெளியிட்டார்கள். அது ‘மணச் சக்கரம்’ என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. அதில் மூன்று வட்டங்கள் உண்டு. நடுவில் ‘பழம்’ என்பது போன்ற பொதுச்சொல், அடுத்து ‘எலுமிச்சை இனம்’, வெளிவட்டத்தில் குறிப்பான பெயர். உள்ளிருந்து வெளியே நகர்வதுதான் முறை. இரண்டாவது வட்டத்திலேயே நின்றுபோனாலும் குறையில்லை, ‘எலுமிச்சை இனம்’ என்று எழுதியவர் ‘பழம்’ என்று எழுதியவரைவிட ஒரு படி முன்னே போயிருக்கிறார். அந்தச் சக்கரத்தில் ‘நேர்த்தி’, ‘அருமை’ போன்ற சொற்களுக்கு இடமில்லை. அவை நம் விருப்பத்தைச் சொல்பவை, ஒயினைப் பற்றி எதுவும் சொல்லாதவை.

அவர்கள் இன்னொரு வழியையும் காட்டினார்கள்: சாதாரண ஒயினில் ஒரு கிராம்பையோ, எலுமிச்சைத் தோலையோ, குடைமிளகாய்த் துண்டையோ சிறிது நேரம் ஊறவைத்து முகர்ந்து மனதில் பதித்துக்கொள்வது. இதைத் தவறாமல் செய்யுங்கள். நேரில் முகர்ந்தே இராத பிளாக்கரன்டை ஒருவர் தன் குறிப்பில் எழுதுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. நீங்கள் அறிந்த மணத்தையே எழுதுங்கள், அது பட்டியலில் இல்லாத ஒன்றாக இருந்தாலும்.

சைடரைப் பற்றிக் கேட்டதற்கு மகிழ்ச்சி, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மூக்கும் வாயும் ஒன்றுதான், ஆனால் ஒயினின் அளவுகோலை அப்படியே கொண்டுவந்தால் சைடருக்கு அநீதி செய்வோம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே இருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் பார்க்கர் என்பவர் 1903இல் ஆப்பிள்களை நான்காக வகுத்தார். அமிலம் 0.45 சதவீதத்துக்கும் டேனின் 0.2 சதவீதத்துக்கும் மேலா, கீழா என்பதே அடிப்படை. இரண்டும் குறைந்தால் இனிப்பு வகை, அமிலம் மட்டும் உயர்ந்தால் புளிப்பு, டேனின் மட்டும் உயர்ந்தால் கசப்பினிப்பு, இரண்டும் உயர்ந்தால் கசப்புப்புளிப்பு. டாபினெட் கசப்பினிப்பு வகை, கிங்ஸ்டன் பிளாக் கசப்புப்புளிப்பு. இந்த இரண்டையும் தனித்தனியாக நொதிக்கவைத்த சைடர்கள் கிடைத்தால் அருகருகே வைத்துச் சுவையுங்கள். மேலே சொன்ன அமிலமும் துவர்ப்பும் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பிரிந்து தெரியாது.

வகைக்கு வகை எதிர்பார்ப்பும் மாற வேண்டும். பிரான்சின் நார்மண்டியில் பழச்சாற்றிலுள்ள பெக்டின் என்ற பொருளைக் கூழாகத் திரண்டு மேலே மிதக்கவிட்டு, அடியிலுள்ள தெளிவை மட்டும் எடுப்பார்கள். ஈஸ்டுக்குத் தேவையான சத்து அந்தக் கூழோடு போய்விடுவதால் நொதித்தல் மெதுவாகி, இயற்கை இனிப்பு மிஞ்சும்போதே நின்றுவிடும். அந்த சைடரில் ஆல்கஹால் குறைவு என்று குறைகூறுவதில் பொருளில்லை. ஸ்பெயினின் அஸ்டூரியாஸில் பாட்டில் பிடித்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இடுப்பருகே பிடித்த கிளாஸில் சிறிதளவு ஊற்றி, நுரை அடங்கும் முன் குடிக்கிறார்கள். விழும் வேகத்தில்தான் அதன் வாயுவும் மணமும் எழுகின்றன. அதில் லேசாக வினிகர் நெடி இருக்கும். ஒரு வெள்ளை ஒயினில் நான் அதைக் குறையாக எழுதுவேன், இங்கே எழுத மாட்டேன். இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக் கசப்பினிப்பு சைடர்களில் வரும் கிராம்பு, புகை வாசனையும் அப்படியே. அளவோடு இருந்தால் அது அந்த வகையின் குணம். தொழுவ நெடியாக மாறினால் கெட்டுவிட்டது என்று தயங்காமல் எழுதலாம்.

சைடரில் ஒரு குறையை மட்டும் மூக்கால் பிடிக்க முடியாது. எலி நாற்றம் என்று அதைச் சொல்வார்கள். அதற்குக் காரணமான சேர்மங்கள் அமிலச் சூழலில் ஆவியாவதில்லை, எனவே கிளாஸை முகர்ந்தால் எதுவும் தெரியாது. விழுங்கியபின் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்ததும் சில நொடிகள் கழித்து எழுந்து, வாயிலேயே தங்கிவிடும். இயற்கை முறை ஒயின்களிலும் இது வரும். ஆகவே விழுங்கியதும் எழுதத் தொடங்காமல் சற்றுக் காத்திருங்கள்.

ஒரு மாதிரி தருகிறேன். ‘சுவையான சைடர், ஆப்பிள் மணம், மென்மை’ என்பது உங்கள் குறிப்பேட்டில் இருக்கக்கூடிய வரி. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘குளிர்ச்சியில் மணம் குறைவு, கால் மணி நேரம் கழித்து வாடிய ஆப்பிள் தோல், பின்னால் கிராம்பு. இனிப்பு மிகக் குறைவு. அமிலம் தாழ்வு, உமிழ்நீர் அதிகம் சுரக்கவில்லை. துவர்ப்பு நுண்மையாக நாக்கு முழுவதும் பரவி, விழுங்கியபின் சற்று வளர்கிறது. கசப்பு கடைசியில் மட்டும். பக்கத்து கிளாஸைவிடக் கனமானது, ஆனால் சீக்கிரம் மறைகிறது.’ இதில் பழத்தின் பெயர் ஒன்றுதான். ஆனாலும் ஆறு மாதம் கழித்து வாசித்தால் எந்த சைடர் என்று உங்களுக்கு நினைவுக்கு வரும், வாசிக்கும் மற்றவருக்கும் அது தனக்குப் பிடிக்குமா என்று தெரியும்.

மதிப்பெண் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மும்முறை வைத்துச் சோதித்து, ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008இல் முடிவுகளை வெளியிட்டார். மூன்று முறையும் அதை ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பிட்டவர்கள் நடுவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். பழகிய நடுவர்களுக்கே இந்த நிலை என்றால், 91 என்ற எண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதி என்ன பயன்? எண்ணுக்குப் பதிலாக, மறுபடியும் இந்த பாட்டிலைத் திறப்பேனா, ஏன், என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை எழுதும்போது இரண்டு கிளாஸ்களை ஒப்பிட்ட குறிப்பு ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், ஆவலோடு வாசிப்பேன்.

அன்புடன்.