மாமி நிறுத்தியது சர்க்கரை, குடிப்பது சீனி

கேள்வி: என் மாமிக்குச் சீனி வருத்தம். இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு டொக்டர் "சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள்" என்றதைக் கேட்டதிலிருந்து சர்க்கரைப் பொங்கலைத் தொடுவதில்லை. ஆனால் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி குறையாது. கேட்டால் "அவர் சீனியைச் சொல்லவில்லையே பிள்ளை" என்கிறார்.
- மருமகள், களுவாஞ்சிகுடி

பதில்: மாமியில் பிழையில்லை, டொக்டர் பேசியது சென்னைத் தமிழ். அங்கே தேத்தண்ணிக்குப் போடுவதும் சர்க்கரை, வருத்தமும் சர்க்கரை. நமக்கோ சர்க்கரை என்றால் பொங்கலுக்கும் மோதகத்துக்கும் போடுகிற அந்த மண்ணிறச் சாமான் மட்டும்தான், மற்றதெல்லாம் சீனி. "சீனி கூடிட்டுது" என்று ஒருவர் சொன்னால் கடையில் விலை கூடியதா, கிளினிக்கில் அளவு கூடியதா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹிங்குராணைப் பக்கம் நிற்கிற கரும்புதான் இரண்டுக்கும் தாய். சாற்றை அப்படியே காய்ச்சி இறுக்கினால் சர்க்கரை, பாகைப் பிரித்து மணியாக்கினால் சீனி, இரத்தத்துக்குள் போனபிறகு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். மாமி நாளுக்கு நாலு தேத்தண்ணி குடித்தால் 48 கிராம் ஆகிறது, வருத்தமில்லாத ஆளுக்கே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும், அதனால் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துப் பாருங்கள், நாக்கு பழகிவிடும். குளிசையை மட்டும் நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: சிவப்புச் சீனிக்கு மாறினால் பயமில்லையா?
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: நிறம் மாறும், விலை மாறும். வேறொன்றும் பெரிதாக மாறாது.

கேள்வி: சோடாப் போத்தலில் சிவப்புக் குறி ஏன்?
- கல்முனை மாணவி

பதில்: 2016 முதல் நம் நாட்டில் உள்ள விதி. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். 400 மில்லிலீற்றர் சிவப்புப் போத்தல் ஒன்றை முடித்தால் பதினொரு கரண்டிக்கு மேல் உள்ளே போயிருக்கும். ஆனால் இன்சுலின் ஊசி போடுகிறவருக்குச் சீனி இறங்கி வியர்த்து நடுங்கும்போது அதே போத்தல்தான் மருந்து. அரைக் கோப்பை குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சீனியை அளந்து பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.