மின்சார வண்டியில் கூடாரத்தோடு நெடும்பயணம்: என்ன டயர் போடுவது?

நாகர்கோவிலிலிருந்து குடகு, சிக்மகளூர் வரை பதினைந்து நாள் மின்சார எஸ்யூவியில் போகிறோம், மேலே கூடாரம் கட்டியிருக்கிறோம், மண், கல் பாதைக்கும் ஏற்ற ஆல் டெரைன் டயருக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். இதே வழியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போய்வந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டயர் கடைக்குப் போகுமுன் எடைமேடைக்குப் போங்கள். மார்த்தாண்டம் பக்கம் எம் சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் நான் வரிசையில் நின்றேன். "காருக்கா அண்ணாச்சி எடை போட வேண்டும்?" என்று அங்கிருந்த தம்பி ஆச்சரியப்பட்டார். பிள்ளைகள், கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாவற்றோடும் முழு வண்டியை ஒருமுறை ஏற்றினேன். பிறகு முன் சக்கரங்களை மேடைக்கு வெளியே விட்டு, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தினேன். மொத்தம் 1,890 கிலோ, பின்பக்கம் மட்டும் 1,010. அதாவது பின் டயர் ஒவ்வொன்றின் மேலும் ஏறத்தாழ 505 கிலோ.

இப்போது டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். என்னுடையதில் 215/60 ஆர்16 95எச் என்றிருக்கிறது. பலர் முதல் மூன்று எண்களோடு நின்றுவிடுகிறார்கள். நமக்கு முக்கியம் அந்த 95. அந்த டயர் 690 கிலோ தாங்கும் என்று பொருள். 91 என்றால் 615, 88 என்றால் 560. தொழிற்சாலையில் பொருத்திய எண்ணைவிடக் குறைந்த எண் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எக்ஸ்.எல்., அதாவது எக்ஸ்ட்ரா லோட், என்று போட்டதில் அதே அளவு டயரிலேயே சுமைத்திறன் கூடுதலாக இருக்கும். பேட்டரியின் எடை ஏற்கெனவே அடியில் கிடப்பதால் மின்சார வண்டிக்கு அது நல்ல தேர்வு. ஆனால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் எந்த டயரும் உதவாது, சாமானைத்தான் இறக்க வேண்டும். நான் இரும்பு அடுப்பையும் ஒரு தண்ணீர் கேனையும் வீட்டில் வைத்துவிட்டே கிளம்பினேன்.

ஆல் டெரைன் ஏன் வேண்டாம்? சக்கரம் சுற்றும்போது டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதில் பிறக்கும் சூடு முழுவதும் நம் சார்ஜிலிருந்து போவது. தரையில் படும் பரப்பில் கட்டை கட்டையான பூ உள்ள கனத்த டயரில் அந்த இழப்பு கூடுகிறது. அமெரிக்க மின்சாரப் பிக்கப்பான ரிவியன் ஆர்1டிக்கு, ஆல் டெரைன் டயரோடு வாங்கினால் ரேஞ்சு, அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், குறைவு என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். உங்கள் பயணத்தில் மண்பாதை எவ்வளவு? முகாமுக்குத் திரும்பும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர். மற்றதெல்லாம் தார்ச்சாலை. சிலிக்கா கலந்த, உருளும் தடை குறைந்த டயரே போதும். ஈரச் சாலைப் பிடிப்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்திலிருந்து கிளம்புகிறீர்கள், போகிற இடமும் மழைக்காடு.

புது டயர் போட்டதும் ரேஞ்சைச் சோதிக்க ஆரல்வாய்மொழி வழியாகப் போகாதீர்கள். நான் அந்தத் தவற்றைச் செய்தேன். ஆடிக் காற்று முப்பந்தல் கணவாயில் மேற்கிலிருந்து தள்ளியதால் போகும்போது சார்ஜ் இறங்கவே இல்லை. திரும்பும்போது காற்றாலைகளுக்கு நடுவே எதிர்காற்றில் கண்முன்னே கரைந்தது. டயர்தான் மோசம் என்று ஒரு வாரம் தவித்தேன். காற்று அடங்கிய விடியற்காலையில், ஒரே சாலையில், ஒரே வேகத்தில் போய்த் திரும்பி 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று கணக்கெடுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் மரங்கள் இருக்கின்றன. சிரட்டையில் பால் வடிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பால் வெட்டி உறையவைத்து அடித்த ஷீட்டை அப்பா வெயிலில் கிடக்க விடமாட்டார், புகையறையில்தான் உலர்த்துவார். வெயிலும் காற்றும் ரப்பரைக் கெடுக்கும். டயராக மாறிய பிறகும் அந்தக் குணம் போவதில்லை. ஆகவே தேதி பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு கடையில் எனக்குப் புதிது என்று எடுத்துவைத்த டயர் மூன்றரை ஆண்டு பழையது. நகத்தால் அழுத்தியபோது பூவின் ஓரம் கொஞ்சமும் கொடுக்கவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

காற்றழுத்தம் டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். முழுச் சுமைக்கான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் வண்டி ஓடுமுன் அளந்து நிரப்புங்கள். மதியச் சூட்டில் அழுத்தம் கூடிவிட்டதென்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். பல மின்சார வண்டிகளில் இருப்பது பசை பாட்டிலும் சிறு பம்பும்தான். ஆணி ஏறினால் அது உதவும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. நான் முழு அளவு ஸ்டெப்னி ஒன்றை வாங்கி, அதற்காக இரண்டு நாற்காலிகளைக் குறைத்துக்கொண்டேன். பஞ்சர் கடையில் ஜாக்கி வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அடியில் முழுக்கப் பேட்டரிப் பெட்டி. கையேட்டில் காட்டிய நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் ஜாக்கி படக்கூடாது. அந்த இடங்களில் வெள்ளைப் பெயின்டால் முன்கூட்டியே குறி போட்டுவிடுங்கள்.

எடைமேடைச் சீட்டு கிடைத்ததும் பின் அச்சின் எடையையும், இப்போது வண்டியிலிருக்கும் டயரின் எண்ணையும் கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.